ட்யூபைத் தூக்கிக் காட்டிய கை

எனக்குக் கோபம் சட்டென்று வந்துவிடும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறை சொல்லக் கூடாது. மதுரை கே.கே. நகரில் பதினான்கு வருஷமாகத் தோல் டாக்டராக இருக்கிறேன். இத்தனை வருஷத்தில் நான் அதிகமாகத் திட்டியது எந்த நோயாளியையும் அல்ல, ஒரு ட்யூபைத்தான்.

படர்தாமரைக்கென்று மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே கேட்டு வாங்குகிறார்களே, அந்த ட்யூப். பூஞ்சைக்கு ஒரு மருந்து, கிருமிக்கு ஒரு மருந்து, கூடவே வீரியமான ஸ்டீராய்டு, எல்லாவற்றையும் ஒன்றாகக் குழைத்து அடைத்திருப்பார்கள். தடவிய மறுநாளே அரிப்பு நின்றுவிடும். ஆஹா, என்ன மருந்து என்று தோன்றும். ஆனால் ஸ்டீராய்டு அரிப்பை அடக்கிவிட்டு உள்ளே பூஞ்சையைச் சீராட்டி வளர்க்கும். நிறுத்தினால் இரண்டு மடங்காகப் படரும். அதை முகத்தில் தடவினால் இன்னும் மோசம். முதல் சில வாரம் முகம் வெளுத்துப் பளபளக்கும். அப்புறம் தோல் மெலிந்து, சிவந்து, அடுப்புப் பக்கம் போனாலே எரிய ஆரம்பிக்கும்.

மதுரை வெயிலில் வேர்வை காயாமல் ஓடியாடி வேலை செய்கிற ஜனங்களுக்குப் படர்தாமரை வராமல் என்ன செய்யும்? வருகிற ஒவ்வொருவரிடமும் அந்த ட்யூபைப் பற்றி முதலிலிருந்து சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றிப் போகும்.

"பேசாம இத ஒரு வீடியோவாப் போட்டுருங்க மேடம். வர்றவங்ககிட்ட போனக் காட்டிட்டு நீங்க பாட்டுக்கு உக்காந்து காப்பி குடிக்கலாம்" என்று சொன்னது எங்கள் கிளினிக்கில் ஊசி போடும் சிஸ்டர்.

கூடப் படித்தவர்கள் எல்லோரும் அப்போது வீடியோவில் இறங்கியிருந்தார்கள். ஒருத்தி ஆடிக்கொண்டே முகப்பருவுக்கு அறிவுரை சொன்னாள். ஒருத்தன் வழுக்கைத் தலையில் ஊசி போடுவதைப் பாட்டு சேர்த்துப் போட்டான். டாக்டருக்குப் படித்துவிட்டு இதென்ன கூத்து என்று கேலி பேசிக்கொண்டிருந்த நானும் கடைசியில் இறங்கினேன். நோயாளிகளின் நன்மைக்காக என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். ஆசையும்தான், அதை மறைப்பானேன்.

முதல் வீடியோ பொடுகைப் பற்றியது. போனை மருந்து அலமாரியில் சாய்த்து வைத்து சிஸ்டர் எடுத்தார். ஒரு வாரம் கழித்து காய்கறிக் கடையில் ஒரு அம்மா, "நீங்க அந்தப் பொடுகு டாக்டருதான?" என்று கேட்டு, கேட்காமலே கொத்தமல்லிக் கட்டு ஒன்றை என் பையில் போட்டார். அன்று முழுவதும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. கல்லூரியில் பாடம் நடத்தும் என் கணவருக்கு வாய் சும்மா இருக்காது. "அடுத்த எலெக்‌ஷன்ல நின்னுரு. சீப்பு சின்னத்துல" என்றார்.

பிறகுதான் அந்த ட்யூப் வீடியோ. நீலச் சுங்குடிச் சேலை கட்டிக்கொண்டேன். காட்டுகிற பொருளை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தால்தான் ஆட்கள் நின்று பார்ப்பார்கள் என்று கூடப் படித்தவள் ஒருத்தி சொல்லியிருந்தாள். அதனால் ட்யூபைக் கன்னத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முதலில் ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு, இதை வாங்காதீர்கள், முகத்தில் தடவவே தடவாதீர்கள், குழந்தைகளுக்குப் போடாதீர்கள் என்று ஒன்றரை நிமிஷம் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன்.

"கீழ பெருசா 'வாங்காதீங்க'ன்னு எழுத்துப் போட்டுருவமா மேடம்?" என்று சிஸ்டர் கேட்டார். போட்டுக் காட்டினார். எழுத்து என் தாடையையும் பாதி ட்யூபையும் மறைத்தது.

"வேணாம் சிஸ்டர். மூஞ்சியே தெரியல. அதான் வாயால சொல்றேன்ல, ஜனங்களுக்குக் காது இருக்குல்ல?" என்றேன். இப்போதும் அந்த வார்த்தையை நினைத்தால் என் தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நான் போட்ட வீடியோக்களிலேயே அதிகமாகப் பரவியது அதுதான். சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் யார் யாரோ அனுப்பி, சுற்றிக்கொண்டு எனக்கே வந்து சேர்ந்தது. ஊர் திருந்துகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நாலைந்து மாதம் கழித்து, ஆடித் தள்ளுபடி முடிந்த சமயம், ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். துப்பட்டாவால் கண்ணைத் தவிர முகம் முழுவதும் சுற்றியிருந்தாள். செல்லூரில் வீடு, டவுனில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறாள் என்று சொன்னாள். துப்பட்டாவை எடுக்கச் சொன்னேன். இரண்டு கன்னமும் நெற்றியும் தீய்ந்த மாதிரி சிவந்து கிடந்தன. தோல் காகிதமாக மெலிந்து, சிறு சிறு ரத்தக் குழாய்கள் வெளியே தெரிந்தன. தாடை ஓரமாக ஒரு பெரிய படர்தாமரை வளையம். பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

"என்னத்தம்மா தடவுன?"

அவள் போனை எடுத்துத் தேடி, மேஜைமேல் என் பக்கமாகத் திருப்பி வைத்தாள். திரையில் நான். நீலச் சேலை, சிரிப்பு, கன்னத்துக்குப் பக்கத்தில் ட்யூப்.

"இதுதான் மேடம்" என்றாள்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. பயந்தால் நான் பயந்தவள் மாதிரி இருக்க மாட்டேன், கத்துவேன். "ஏம்மா, நான் அதுல என்ன சொல்றேன்னு முழுசாக் கேட்டியா? வாங்காத, வாங்காதன்னு தொண்ட கிழியச் சொல்லிருக்கேன். படத்த மட்டும் பாத்துட்டு மூஞ்சியில அப்பிக்கிட்டு வந்து நிக்கிற. படிச்ச புள்ளதான நீ?"

வெளியே காத்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். சிஸ்டர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். "கடையில சத்தம் வைக்கக் கூடாது மேடம். மத்தியானம் சாப்புட இருவது நிமிசம் விடுவாங்க. மாடிப்படியில வரிசையா உக்காந்து சாப்புட்டுக்கிட்டே போனு பாப்போம். சத்தம் வந்துச்சுன்னா சூப்பர்வைசரு போன வாங்கி வச்சுக்கிருவாங்க. ஒரு அக்காதான் இதக் காட்டி, கே.கே. நகர் டாக்டரு நல்ல மருந்து சொல்றாங்கன்னுச்சு. நாங்க எல்லாரும் போட்டோ புடிச்சு வச்சுக்கிட்டோம். மருந்துக் கடையில காட்டுனதும் எடுத்துக் குடுத்துட்டாங்க."

தாடையில் சின்னதாக ஒரு வட்டம், அதற்குத்தான் தடவ ஆரம்பித்திருக்கிறாள். முகம் வெளுத்து அழகாகிவிட்டதாக எல்லோரும் சொல்ல, முகம் முழுக்கத் தடவியிருக்கிறாள். நிறுத்தினால் எரிந்தது, எரிந்ததால் மறுபடி தடவினாள். இப்போது கடையில் வாடிக்கையாளர் முன்னால் நிற்க வேண்டாம் என்று குடோனுக்குச் சேலை மடிக்க அனுப்பிவிட்டார்கள். சீக்கிரம் முகம் சரியாகவில்லை என்றால் குடோனிலும் வைத்திருக்க மாட்டார்கள்.

பேசும்போதே அழுதாள். கண்ணீரைத் துடைக்காமல், கன்னத்தில் படாதபடி முகத்தை முன்னால் நீட்டிக்கொண்டு அழுதாள். "தண்ணி பட்டாலே எரியுது மேடம்" என்றாள்.

அப்போதே 'தப்பு என்மேலதாம்மா' என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. குனிந்து மருந்துச் சீட்டு எழுதினேன். ட்யூபை இன்றோடு நிறுத்த வேண்டும், பூஞ்சைக்கு மாத்திரை, முகத்துக்கு வெறும் களிம்பு, வெயில் படக் கூடாது என்றேன். இன்னொன்றும் சொன்னேன். நிறுத்திய முதல் சில வாரம் இப்போது இருப்பதைவிட மோசமாகும், முகம் வீங்கும், எரியும், அப்போது பயந்துபோய் மறுபடி அதைத் தொட்டால் பட்ட பாடெல்லாம் வீண். அவள் பயத்தோடு தலையாட்டினாள். என் சொந்த நம்பரைக் கொடுத்து, தினமும் மத்தியானம் முகத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன்.

அவள் போனதும் அந்த வீடியோவை அழித்தேன். என் பக்கத்தில் அழித்தேன், அவ்வளவுதான். யாரோ அதை வெட்டி, நான் சிரித்து ட்யூபைக் காட்டும் இடத்தை மட்டும் வைத்து, கீழே 'படர்தாமரைக்கு டாக்டர் அறிவுரை' என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். அந்தத் துண்டு வீடியோவை என் சின்ன மாமியாரே எனக்கு அனுப்பி, 'சேலை நல்லா இருக்கு' என்று எழுதியிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் பிறந்த ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, சமயநல்லூரில் ரோட்டோரம் இருந்த மருந்துக் கடையில் வண்டியை நிறுத்தினேன். தலைவலி மாத்திரை வாங்கத்தான். கண்ணாடிப் பெட்டிமேல் என் படம். அதே படத்தைக் கலரில் அச்செடுத்து, லேமினேட் பண்ணி, நாலு மூலையிலும் டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள்.

கடைக்காரர் அறுபது வயதுக்காரர், அடையாளம் கண்டு எழுந்தே நின்றுவிட்டார். "வாங்க மேடம். உங்க புண்ணியத்துல இது நல்லா ஓடுது."

"அண்ணே, நான் அதுல என்ன சொல்றேன்னு நீங்க கேட்டீகளா?" ஊர்ப்பக்கம் போய்விட்டு வந்தாலே எனக்கு ஊர்ப்பேச்சு ஒட்டிக்கொள்ளும், கோபமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

"கேட்டேன் மேடம். எனக்குத் தெரியும்." அவர் முகம் சுருங்கிவிட்டது. "மொதல்ல நாலு பேருகிட்ட சொல்லிப் பாத்தேன். 'டாக்டரே காட்டுறாங்க, நீ என்ன பெருசா'ன்னு கேக்குறாங்க. இல்லைன்னா அடுத்த கடைக்குப் போயிர்றாங்க. அப்பறம் நானும் விட்டுட்டேன்."

நான் அந்தப் படத்தைப் பிய்த்தேன். டேப் லேசில் வரவில்லை, நகம் உடைந்தது. அவரே ஒரு பிளேடு எடுத்து வந்து மற்ற மூன்று மூலைகளையும் பிரித்துக் கொடுத்தார். அவர்மேல் கோபப்பட வேண்டும்தான். ஆனால் முதலில் கோபப்பட வேண்டிய ஆள் யார் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் பெண் தினமும் போட்டோ அனுப்பினாள். நான் சொன்னபடியே முகம் மோசமாகிக்கொண்டு வந்தது. கண் இமைகள் வீங்கின, கன்னத்தில் நீர் கோத்துக்கொண்டது. ஒவ்வொரு நாளும் 'பொறுத்துக்கோம்மா, இது எதிர்பார்த்ததுதான்' என்று பதில் போட்டேன். அவள் 'சரி மேடம்' என்று போடுவாள். மத்தியானச் சாப்பாட்டை அந்தப் போட்டோ வந்த பிறகுதான் சாப்பிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் போட்டோ வரவில்லை. மறுநாளும் வரவில்லை. போன் அடித்தேன், எடுக்கவில்லை. கிளினிக் பதிவேட்டில் இருந்த முகவரியைக் குறித்துக்கொண்டு, சிஸ்டரைப் பின்னால் உட்கார வைத்து ஸ்கூட்டரில் செல்லூருக்குக் கிளம்பினேன்.

சந்துக்குள் நுழையும்போதே தறிச் சத்தம். அவள் வீட்டில் முன் அறையில் இரண்டு விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. புருஷன் தறி ஓட்டுகிறவர். நான் வாசலில் நின்று யார் என்று சொன்னது அவருக்குக் கேட்கவில்லை, இரண்டாம் தடவை கத்தினேன், அப்போதும் கேட்கவில்லை. அங்கே எந்த வீடியோவையும் பார்க்க மட்டும்தான் முடியும் என்று அந்த வாசலில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. காது இருக்குல்ல என்று நான் சொன்னேனே, அந்தத் திமிர் அங்கே நொறுங்கியது.

அவர் தறியை நிறுத்தினார். உள்ளே அவள் ஈரத் துணியைக் கன்னத்தில் ஒற்றியபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு கண் திறக்கவே முடியவில்லை. மடியில் புது ட்யூப், இன்னும் மூடி திறக்காதது.

"நாளைக்குக் கண்டிப்பா வரணும்னு சொல்லிட்டாங்க மேடம். முகூர்த்த சீசன். ரெண்டு நாளா போகல. வரலைன்னா வேற ஆளப் போட்டுருவாங்களாம். இந்த மூஞ்சியோட எப்படிப் போவேன்? இன்னைக்கு ஒரு தடவ மட்டும் போட்டுக்கிறேன் மேடம். விடிஞ்சா வீக்கம் வத்திரும். அப்பறம் தொடவே மாட்டேன்."

"அத இங்க குடு" என்று கையை நீட்டினேன். என் குரல் உயர்ந்துவிட்டது. அவள் ட்யூபைக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

அவள் புருஷன் சத்தம் போடாமல்தான் கேட்டார். "டாக்டரம்மா, மொதல்லயும் நீங்க காட்டுனதத்தான் வாங்கிப் போட்டுச்சு. இப்ப நீங்க சொன்னதத்தான் கேட்டு நிறுத்துச்சு. ரெண்டுக்கும் இதுதான் அழுதுக்கிட்டு உக்காந்துருக்கு. நாங்க எதத்தான் கேக்குறது?"

சுருக்கென்று தைத்தது. பாவு நூல் கூடையை ஒதுக்கிவிட்டு அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். "தப்பு என்மேலதாம்மா" என்றேன். "சத்தமில்லாமப் பாத்தா அந்த வீடியோ விளம்பரந்தான். எழுத்துப் போடச் சொன்னாங்க, என் மூஞ்சி மறையுதுன்னு நாந்தான் வேணாம்னேன். அன்னைக்கு உன்னயத் திட்டுனதும் தப்பு."

அவள் ஆச்சரியப்படவில்லை. சமாதானமும் சொல்லவில்லை. "இன்னும் எத்தன நாளு மேடம் இப்படி?" என்று மட்டும் கேட்டாள்.

"இதுதான் உச்சம். இன்னும் ஒரு பத்து நாளுல எறங்க ஆரம்பிக்கும். இன்னைக்கு ஒரு தடவ தடவுனா திரும்ப மொதல்லருந்து."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார். நான் அவள் போனை வாங்கி, கடை சூப்பர்வைசரின் நம்பரை அடித்தேன். டாக்டர் பேசுகிறேன், இந்தப் பெண்ணுக்கு முகத்தில் இருக்கும் வீக்கம் தொற்று வியாதி இல்லை, மருந்தால் வந்தது, மூன்று வாரம் லீவு வேண்டும், வேலையை எடுத்துவிடாதீர்கள், சீட்டு நான் எழுதித் தருகிறேன் என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். கெஞ்சிப் பழக்கமில்லாதவள், எப்படிக் கெஞ்சினேனோ.

அந்தச் சூப்பர்வைசர் ஒரு அம்மா. "முதலாளிகிட்ட சொல்லிக்கிறேன் மேடம். வந்தப்பறம் பேக்கிங்ல நிக்கட்டும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மேடம், நீங்க அந்த வீடியோ டாக்டர்தான? எனக்கும் இடுப்புல இருக்கு. அந்த ட்யூப்தான் போடுறேன். மொதல்ல நல்லாக் கேட்டுச்சு, இப்பப் பரவுது" என்றார்.

"நாளைக்கே கிளினிக்குக்கு வாங்க. மாடிப்படியில உக்காந்து சாப்புடுற எல்லாரையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்றேன்.

போனை வைத்துவிட்டுப் பார்த்தேன். அவள் ட்யூபை என் பக்கமாகத் தரையில் நகர்த்தி வைத்திருந்தாள். சிஸ்டர் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். நாங்கள் சந்து முனை திரும்புவதற்குள் தறி மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது.

அந்த வாரம் முழுக்க ஜவுளிக் கடைப் பெண்கள் வந்தார்கள். பதினேழு பேர். நான் ஒருவரையும் திட்டவில்லை. சிஸ்டர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சலா மேடம் என்று கேட்டார்.

புது வீடியோ ஒன்று எடுத்தோம். அதில் நான் இல்லை, என் குரலும் இல்லை. ட்யூபின்மேல் ஒரு பெரிய சிவப்புப் பெருக்கல் குறி, பக்கத்தில் கொட்டை எழுத்தில் நாலு வரி. கடைசி வரி, முதலில் தவறாகப் புரியும்படி காட்டியது நான், மன்னியுங்கள் என்பது. பழையதைப் பார்த்தவர்களில் கால்வாசிப் பேர்கூட இதைப் பார்க்கவில்லை. நீலச் சேலை இல்லையே.

அந்தப் பெண்ணின் முகம் தெளியத் தைப்பொங்கல் தாண்டிவிட்டது. கடைசியாக வந்த அன்று துப்பட்டா தோளில் கிடந்தது. வலது கன்னத்தில் சில ரத்தக் குழாய்கள் அப்படியே நின்றுவிட்டன, அவை போகாது. அதை அவளிடம் மறைக்காமல் சொன்னேன். "பவுடர் போட்டா தெரியல மேடம். சேலைப் பிரிவுலயே மறுபடி நிக்க விட்டுட்டாங்க" என்றாள்.

எனக்கு ஒரு சந்தேகம் ரொம்ப நாளாக இருந்தது. அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே தோலுக்குப் பார்க்கிற ஆஸ்பத்திரி உண்டு. இரண்டு பஸ் மாறி என்னிடம் எதற்கு வந்தாள்? வீடியோவில் பார்த்த டாக்டர் என்கிற நம்பிக்கையாக இருக்கும் என்று எனக்கு நானே பெருமைப்பட்டுக்கொண்டதும் உண்டு. அதைக் கேட்கிற ஆசையில்தான் கேட்டேன்.

"மொதல்ல அங்கதான் மேடம் போனேன்" என்றாள். "சீட்டு வாங்கி வரிசையில நின்னேன். எனக்கு முன்னாடி ஒரு அம்மா, அவங்களும் இதே ட்யூப்தான். அங்கருந்த டாக்டரு, 'இது விஷம், இத யாரு ஒனக்குத் தடவச் சொன்னது, அந்த ஆளக் காட்டு, மேல புகார் எழுதிப் போடுறேன்'னு கேட்டுக்கிட்டிருந்தாரு. என் முறை வந்தா என்னையும் கேப்பாருல்ல. நான் உங்க போட்டோவத்தான காட்டணும். ஒங்களுக்கு எதும் ஆயிருமோன்னு பயந்து, சீட்டக் கிழிச்சுப் போட்டுட்டு ஒங்ககிட்டயே வந்துட்டேன்."

சொல்லிவிட்டு, "வாரேன் மேடம், கடைக்கு நேரமாச்சு" என்று எழுந்து போனாள்.

அப்படி வந்தவளைத்தான் முதல் நாள் வெளியே எல்லோருக்கும் கேட்கும்படி, முழுசாகக் கேட்டியா, படிச்ச புள்ளதான நீ என்று கத்தினேன். அவள் முகத்தை நீட்டி வைத்துக்கொண்டு அழுதாள், உங்க பேரக் காப்பாத்தத்தான் வந்தேன் என்று அப்போதுகூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த ஆளை உள்ளே அனுப்பட்டுமா என்று சிஸ்டர் கேட்டார். கொஞ்சம் பொறுங்க சிஸ்டர் என்றேன்.